நடுப்பாட்டில் எழுந்தவர்

புத்தூர்ப் பக்கத்தில் அப்பாவு என்று பொதுவாக விசாரித்தால் எந்த அப்பாவு என்று திருப்பிக் கேட்பார்கள். கச்சேரியில் எழுந்து போன அப்பாவு என்றால் போதும், வரப்பு வழியாகக் கூட்டிக்கொண்டு போய் வாசலிலேயே விட்டுவிடுவார்கள். மனிதர் ஆயுசு முழுக்கப் பாட்டுக் கேட்டவர். கேட்ட பாட்டையெல்லாம் விட்டுவிட்டு, கேட்காமல் எழுந்த ஒரே ஒரு பாட்டை வைத்து ஊர் அவருக்குப் பட்டம் கட்டிவிட்டது. ஊருக்கு வேறென்ன வேலை.

அவருக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் வேர்க்கடலை, பங்காளிகளோடு பொதுவில் ஒரு கிணறு. வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, தாலுகா ஆபீசில் இரண்டும் கலந்த ஒன்று. அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான், அதைப் பற்றி யாரும் யோசித்ததுகூட இல்லை. பாட்டுப் பைத்தியம் மட்டும் அவருக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டதோ தெரியாது. நாதஸ்வரம் கேட்கிறது என்றால் ஏரைப் பாதிச் சாலில் நிறுத்திவிட்டுப் போய்விடுவார். பெண்சாதி ஜெயம்மா இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் குறைவு.

வருஷா வருஷம் புரட்டாசியில் திருமலையில் உற்சவம் நடக்கும்போது, கீழே திருப்பதியில் சில பெரியவர்கள் சேர்ந்து ஒரு மணல் மைதானத்தில் கச்சேரி வைப்பார்கள். மேடைக்கு மட்டும்தான் பந்தல். கேட்கிறவர்களுக்கு வானம்தான் கூரை. டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, துண்டை விரித்து உட்கார வேண்டியதுதான். அறுப்புக்குக்கூட ஆளை அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கும் அப்பாவு, இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் தானே போவார். கூட ரங்கையா போவார்.

ரங்கையா புத்தூர் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த தெலுங்குக்காரர். பிள்ளைப் பிராயத்திலிருந்து சிநேகம். அப்பாவுவை “பாவா” என்றுதான் கூப்பிடுவார். மாமன் மச்சான் முறை எதுவும் இல்லை, ஆசைக்கு வந்த முறை. ராகத்தை அப்பாவு பிடித்துவிடுவார், கீர்த்தனையின் அர்த்தத்தை ரங்கையா அவர் காதில் சொல்லுவார். இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு முழு ரசிகர் என்று கூட வருகிறவர்கள் கேலி பண்ணுவார்கள்.

கூட வருகிறவர்கள் என்றால் ஒரு பெரிய கூட்டமே இருந்தது. புத்தூர், நகரி, திருத்தணி என்று ரயில் பாதை நெடுகிலும் பாட்டுக் கிறுக்கர்கள். சாயங்காலம் கச்சேரி கேட்டு, சத்திரத்தில் படுத்து, விடிந்ததும் ரயிலேறி, ரேணிகுண்டாவில் வண்டி மாறுவார்கள். அங்கே மாறி உட்கார்ந்த பிறகுதான் பேச்சு தொடங்கும். பிடில்காரர் பாட்டைத் தூக்கிப் பிடித்தார் என்பார் ஒருவர், அவரா தூக்கினார், பாட்டை மிதித்துக்கொண்டே வந்தார் என்பார் இன்னொருவர். மிருதங்கத்துக்காரர் வாசித்ததைத் தூக்குச்சட்டியின் மேல் தட்டிக் காண்பிப்பார்கள். கேட்காதவன் அந்தப் பெட்டியில் தவறி ஏறிவிட்டால், இறங்குவதற்குள் முழுக் கச்சேரியும் கேட்ட மாதிரி ஆகிவிடும். எல்லாரும் சண்டை போட்டு ஓய்ந்ததும், “அப்பாவண்ணன் இன்னா சொல்றாரு?” என்று கேட்பார்கள். அவர் சொன்னதுதான் முடிவு.

அந்த மரியாதைக்கு ஒரு காரணம் இருந்தது. திறந்தவெளிக் கச்சேரியில் ஆட்கள் எழுந்து போவதும் கடலை கொறித்துக்கொண்டு வருவதுமாகத்தான் இருப்பார்கள். அப்பாவு மட்டும் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார். பாட்டு நடுவில் எவனாவது எழுந்தால் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். “பந்தியில பாதில எழுந்தா சமைச்சவங்க மூஞ்சில துப்பின மாதிரிபா. பாட்டும் அப்படிதான்” என்பார். இதை அவர் சொல்லாத ரயில் பயணம் கிடையாது. கேட்டுக் கேட்டு அந்தக் கூட்டமே கட்டுப்பட்டுவிட்டது, அவர் எழுந்த பிறகுதான் எழுவார்கள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். சித்தூர் யாருக்கு, திருத்தணி யாருக்கு, திருப்பதி யாருக்கு என்று எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. ரயிலை மறித்தார்கள், கடையை அடைத்தார்கள், நேற்று வரை ஒரே கிணற்றில் குளித்தவர்கள் யார் எந்த மொழியில் கும்பிடுகிறார்கள் என்று பார்க்க ஆரம்பித்தார்கள். நகரிப் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சம்பத், எல்லைக் கூட்டங்களில் நன்றாகப் பேசுவார் என்று பேர் வாங்கியவர். அந்த வருஷம் அவரும் தன் ஆட்களோடு கச்சேரிக்கு வந்திருந்தார். பாட்டுக்காக வந்தாரா என்பது அவருக்கே வெளிச்சம்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. பாட வந்தவர் சித்தூர் வெங்கடம்மா. பாகாலா வழியாக ரயிலில், ஒரு தம்புராவும் ஒரு தம்பியும் துணையாக வந்திருந்தார். நடுவயது தாண்டியவர். கல்யாண வீடுகளிலும் சின்னக் கோயில்களிலும் பாடியவருக்கு இவ்வளவு பெரிய மைதானம் அதுதான் முதல் தடவை. அவர் சகானா ராகத்தை இழுத்து ஆரம்பித்தபோது அப்பாவுக்குக் கண் நிறைந்தது. ரங்கையாவின் தொடையைத் தட்டினார். இத்தனை வருஷம் இந்த அம்மாள் எங்கே இருந்தார் என்று கேட்டார்.

ஆனால் அவருக்கு உள்ளே வேறொரு கச்சேரி நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை என்று பகல் முழுக்க ஒருபொழுது இருந்துவிட்டு, நாலு மணிக்கு மேல் புளியோதரையை ஒரு பிடி பிடித்திருந்தார். அதோடு விட்டிருக்கலாம். மலையிலிருந்து இறக்கிக் கூடை கூடையாக விற்ற சீதாப்பழத்தைப் பார்த்ததும் அதிலும் இறங்கிவிட்டார். ரங்கையா போதும் பாவா என்று சொல்லச் சொல்லத் தின்றார். வெங்கடம்மா தெலுங்குக் கீர்த்தனையை எடுத்து, முதல் வரியை இரண்டாம் தடவை பாடும்போது வயிறு ஒரு புரட்டுப் புரட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார். இன்னொரு புரட்டு வந்தது. இனிமேல் உட்கார்ந்திருந்தால் மானம் மணலில் போய்விடும் என்று தெரிந்துவிட்டது.

எழுந்தார். முன் வரிசையிலிருந்து, பாட்டு நடுவில், அப்பாவு எழுந்தார்.

குனிந்தால் ஆபத்து என்பதால் விறைப்பாக நிமிர்ந்து எழுந்தார். வாயைத் திறக்கப் பயந்து உதட்டை இறுக்கிக்கொண்டார். துண்டு தேவைப்படும் என்று அதையும் எடுத்து, மணல் போக ஒரு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு, மேடையைப் பார்க்காமல் விடுவிடு என்று நடந்தார். அந்த முகத்தையும் அந்த உதறலையும் பின்னாலிருந்த கூட்டம் பார்த்தது. சாவு வந்தாலும் பாட்டு நடுவில் எழாத மனிதர், தெலுங்குப் பாட்டின் இரண்டாம் வரியில் எழுந்து போகிறார் என்றால் வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? சம்பத் எழுந்தார். அவர் ஆட்கள் எழுந்தார்கள். நகரிக்காரர்கள், திருத்தணிக்காரர்கள் எல்லாம் பந்தி கலைகிற மாதிரி வரிசையாக எழுந்தார்கள். யாரோ எல்லைக் கோஷம் போட, எதிர்ப்பக்கத்திலிருந்து பதில் கோஷம் வந்தது. மணலை அள்ளி வீசினார்கள். வெங்கடம்மா இன்னும் ஒரு வரி பாடிப் பார்த்தார். அப்புறம் நிறுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பெரியவர்கள் ஓடி வந்து அவரை மேடையிலிருந்து இறக்கிக் கூட்டிப் போனார்கள்.

இது எதுவும் அப்பாவுக்குத் தெரியாது. வாய்க்கால் கரையில் இருந்தார். வயிறு ஒழிந்து, கால் கழுவி, பாதிப் பாட்டையாவது பிடிக்கலாம் என்று ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தால் மைதானம் காலி. ரங்கையாவைக் காணவில்லை. ஓரமாகத் தன் ஆட்களோடு நின்றிருந்த சம்பத் ஓடி வந்து கட்டிக்கொண்டார். “அண்ணே, நாங்க எல்லாம் எவ்ளோ கூட்டம் போட்டோம். நீ ஒரு வார்த்த பேசாம சாதிச்சிட்ட” என்றார்.

என்ன சாதித்தோம் என்று அப்பாவுக்கு விளங்கவே கொஞ்ச நேரம் பிடித்தது. ஐயோ, எனக்கு வயிறு சரியில்லாமல் போச்சு என்று சொல்ல வாயெடுத்தார். சுற்றிலும் அத்தனை முகங்கள். வாத்தியார்களும் நிலக்காரர்களும் வாழ்நாளில் இல்லாத மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் போய்ப் புளியோதரையையும் சீதாப்பழத்தையும் பற்றி எப்படிச் சொல்வது? நாளைக்கு ரங்கையாவிடம் முதலில் சொல்லி, அவன் மூலமாகச் சொல்லவைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். பேசாமல் நின்றதையும் அவர்கள் பெருந்தன்மையின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை ரேணிகுண்டாவில் வண்டி மாறி உட்கார்ந்ததும் வழக்கம்போலப் பேச்சு தொடங்கியது. சகானாவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அப்பாவு எழுந்ததைப் பற்றித்தான் பேச்சு. அவருடைய கண் சிவந்ததை ஒருவர் பார்த்திருந்தார். முதல் வரியிலேயே பல்லை நறநறவென்று கடித்தது தன் காதில் விழுந்தது என்றார் இன்னொருவர், அது மட்டும் வாஸ்தவம். துண்டை உதறியதை ஒருவர் எழுந்து நின்று செய்து காட்டினார். பிடிலையும் மிருதங்கத்தையும் விவரிப்பது போலவே, எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று அக்கக்காகப் பிரித்து விவரித்தார்கள். ரங்கையா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். முந்தின இரவு சத்திரத்தில் அவர் தெலுங்குக்காரர்கள் பக்கம் படுத்துவிட்டதால் அப்பாவுக்கு அவரைத் தனியாகப் பிடிக்க முடியவில்லை.

அரக்கோணம் போகிற ஒரு பெரியவர், இந்தக் கூட்டத்துக்குப் புதியவர், அப்பாவுவிடம் நேராகவே கேட்டுவிட்டார். “நீங்கதானே முதல்ல எழுந்தது? எதுக்குங்க எழுந்தீங்க?”

ரங்கையா ஜன்னலிலிருந்து திரும்பி அப்பாவுவையே பார்த்தார். சொல்வதற்கு அதைவிடத் தோதான நேரம் அமைந்திருக்காது. கேட்டவர் அசலூர்க்காரர், வயிறு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியே சிரித்திருக்கும், ரேணிகுண்டாவில் பிடித்த சிரிப்பு புத்தூரில் அடங்கியிருக்கும். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

“இன்னாத்தங்க சொல்றது” என்றார். “மனசு ஒப்பல. எழுந்துட்டேன்.”

பெட்டி முழுக்கக் கை தட்டியது. ரங்கையா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புத்தூரில் இறங்கி, பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. சம்பத் அவரை மேடை மேடையாகக் கூட்டிப் போனார். சாமந்தி மாலை போட்டார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். முதல் மேடையில் “மனசு ஒப்பல” என்று மட்டும் சொன்னவர், நாலாவது மேடைக்குள் ஒரு முழுப் பேச்சே பேசத் தேறிவிட்டார். சொல்லும்போது சில சமயம் அவருக்கே அது நடந்த மாதிரி இருக்கும். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது, கையைக் கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்ததாக மற்றவர்கள் சொன்ன அந்த அம்மாளின் நினைப்பு வரும். அந்த இரவுகளில் சோறு இறங்காது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்கு வேறு பேர் கிடையாது.

ரங்கையாவுக்குத் துணி தைக்கக் கொடுத்தால் வாங்கிக்கொண்டார், தைத்தும் கொடுத்தார். ஆனால் பாவா போய்விட்டது. “வாங்க, உக்காருங்க” என்று புதுசாக வந்த ஆளைச் சொல்வது போலச் சொன்னார். அப்பாவுக்கு அந்த மரியாதை செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கோபம் மொழிக்காக என்று நினைத்துக்கொண்டார். எல்லைச் சண்டை ஓய்ந்தால் இவனும் சரியாகிவிடுவான் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

கச்சேரிக்குப் போகிற சுகமும் போயிற்று. அவரைப் பார்த்ததுமே விழா நடத்துகிறவர்களுக்கு வியர்க்கும். முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்து, அவருக்காகவே தமிழ்ப் பாட்டாக எடுக்கச் சொல்லி மேடைக்குச் சேதி அனுப்புவார்கள். பாடுகிறவர்கள் சாமியைப் பார்க்காமல் இவருடைய துண்டைப் பார்த்துக்கொண்டு பாடினார்கள். கால் மரத்துப்போனால்கூட நீட்டி மடக்க முடியாது, அசைந்தால் பின்னால் நாலு பேர் அசைவார்கள். இரண்டு வருஷம் பார்த்துவிட்டுப் போவதையே நிறுத்திக்கொண்டார். இப்பல்லாம் ஏன் பாடிக்கினு ஏர் ஓட்டறதில்ல என்று ஜெயம்மா கேட்டதற்கு, வயசாச்சு என்றார்.

வெங்கடம்மாவை அதற்குப் பிறகு எந்தத் திறந்தவெளிக் கச்சேரிக்கும் யாரும் கூப்பிடவில்லை என்று கேள்விப்பட்டார். அவர் பேர் போட்டால் கலாட்டா வரும் என்று பயந்தார்களாம். பாட்டையே விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார் என்றார்கள். அதைச் சொன்னவர் பெருமையாகச் சொன்னார். அப்பாவு தலையை ஆட்டிவைத்தார்.

ஒரு வழியாக எல்லை தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நின்றன. சம்பத் திருத்தணிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மிச்சம் இருந்தவர்கள் இங்கேதான் பிழைத்தாக வேண்டும், பிள்ளைகளைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் ஒருவருக்கொருவர் கல்யாணப் பத்திரிகை வைத்தார்கள். நேற்றைய பகையைப் பற்றி இன்று பேசினால், அந்தக் காலம் அப்படி என்று சொல்லிச் சிரித்தார்கள்.

இதுதான் சமயம் என்று அப்பாவு ஒரு மத்தியானம் ரங்கையாவின் கடைக்குப் போனார். கடையில் வேறு யாரும் இல்லை. ரங்கையா மெஷினில் ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தார். வாங்க, உக்காருங்க என்றார். என்ன பேச வேண்டும் என்பதை அப்பாவு வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்.

“ரங்கையா, அன்னிக்கு ஊரே மொழி மொழின்னு வெறி புடிச்சி அலஞ்சிது. எனக்கும் புத்தி கெட்டுப்போச்சி. தெலுங்குப் பாட்டுன்னதும் கோவம் வந்து எழுந்துட்டேன். சரஸ்வதிக்கு இன்னா மொழி. நான் செஞ்சது தப்பு. நீ மனசுல வச்சிக்காத.”

நல்ல மன்னிப்புதான். கேட்கிற யாருக்கும் கண் கலங்கும். சொல்லி முடித்ததும் அவருக்கே தன் மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

ரங்கையா மெஷினை நிறுத்தினார். ஊசியை உயர்த்தி, துணியை எடுத்து மடித்துப் பக்கத்தில் வைத்தார்.

“நான் உங்க பின்னாலயே வந்தேங்க” என்றார். “வயிறு சரியில்லாத மனுஷன் தனியா போறாரேன்னு, ஒரு சொம்புல தண்ணி எடுத்துக்கினு வாய்க்கா வரைக்கும் வந்தேன். புதர் ஓரமா நீங்க குந்திக்கினு இருந்தத பாத்தேன். கிட்ட வந்தா கூச்சப்படுவீங்கன்னு சொம்ப கரையில வச்சிட்டு திரும்பினேன்.”

அப்பாவு தோளிலிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“மறுநா ரயில்ல அந்தப் பெரியவர் கேட்டாரே, அப்ப நான் சிரிக்கறதுக்குக் காத்துக்கினு இருந்தேன். நீங்க சொல்லுவீங்க, எல்லாரும் சிரிப்போம், அந்தம்மாவுக்கும் சேதி போயிடும்னு நெனச்சேன். நெஜமாவே கோவம் வந்து நீங்க எழுந்திருந்தா, உங்களோட சண்ட போட்டுட்டு மறுவாரமே பேசிருப்பேன்.” கொஞ்சம் நிறுத்தி, மெஷின் மேலிருந்த நூல் பிசிறுகளைக் கையால் தள்ளினார். “சித்தூருக்குப் போய் அந்தம்மாகிட்ட நானே சொன்னேன். நம்பல. ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனச்சிக்கினாங்க. அவங்க வூட்ல பேசறது தமிழுங்க, அது உங்களுக்குத் தெரியுமா? என் பாட்டுல இன்னா தப்புன்னு எழுந்தாருன்னு இன்னிக்கி வரைக்கும் கேட்டுக்கினு இருக்காங்க. மேடை மேடையா பேசினது நீங்க. நீங்க போய் சொன்னாதான் நம்புவாங்க.”

அப்பாவுக்குக் காது வரைக்கும் சூடேறியது. இத்தனை வருஷம் இவன் எல்லாம் தெரிந்துகொண்டுதான் நம் சட்டைக்கு அளவெடுத்தான் என்று நினைக்கும்போதே, அவருடைய தலை தானாகக் கடை வாசல் பக்கம் திரும்பியது. யாராவது வெளியே நின்று இதைக் கேட்டுவிட்டார்களா என்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டுத் திரும்பினால், ரங்கையா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.